புதுமுறை புகு படலம்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்குவது மரபன்று. ஆகவே முதலில் அது.

இந்நூல் நுதலிய பொருள்: திருத்தி அமைத்த வேலைமுறை ஒன்று ஒரு கம்பெனிக்குள் எவ்வழியாக நுழைகிறது, யார் தலையில் இறங்குகிறது, எந்த நோயால் மாள்கிறது என்பது. எல்லை: வடக்கே கான்ஃபரன்ஸ் ஹால், தெற்கே கேன்டீன், கிழக்கே செக்யூரிட்டி கேட், மேற்கே ஸ்கிராப் யார்டு. இந்நான்கு எல்லைக்குள் வழங்கும் வழக்கும் செய்யுளும் ஆய்வுக்குரியன. சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டிய தரக்கொள்கை செய்யுளில் அடங்கும். கேட்போர்: முதலாளி, முதலாளியின் மகன், ஜி.எம்., சூப்பர்வைசர். மிஷினில் நிற்பவர் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு இது முன்பே தெரியும். பயன்: கேடயம். சில வேளைகளில் லாபம்.

இனி வழி. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல் மூவகைப்படும். இத்துறையின் முதல்நூல் ஃபிரெடரிக் டெய்லர் 1911-ல் வெளியிட்ட ‘அறிவியல் முறை நிர்வாகக் கோட்பாடுகள்’. பெத்லஹேம் இரும்பாலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் வேகனில் ஏற்றும் ஆள் நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்தான், தம் முறைப்படி 47 டன் ஏற்றினான் என்று அதில் எழுதுகிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஏற்றச் சொல்பவர் பக்கம் நின்றால் இது பெருமைக்குரிய கணக்கு. தூக்குபவர் பக்கம் நின்றால் இதே கணக்கு வேறு மாதிரி படிக்கும். அந்த 1911-லேயே ஆகஸ்டு மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் படைக்கலத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஓர் ஆள் வந்து பக்கத்தில் நின்றதும், வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே போனார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் சென்றது. நூலும் அதன் மறுப்புரையும் ஒரே ஆண்டில் பிறந்தது இத்துறைக்குரிய சிறப்பு.

வழிநூல் தைய்ச்சி ஓனோ 1978-ல் ஜப்பானிய மொழியில் எழுதிய டொயோட்டா உற்பத்திமுறை. வீண் ஏழு வகைப்படும் என்று வகுத்தவர் அவர். சார்புநூல் கன்சல்டன்ட் கொண்டுவரும் பவர்பாயிண்ட். ஓனோவின் ஏழோடு எட்டாவது ஒன்றைச் சேர்ப்பது சார்புநூலார் வழக்கம். ஒன்பதாவதைச் சேர்ப்பவருக்கு ஃபீஸ் தனி.

வரவியல்

திருத்தமுறை வரும் வழி ஐந்து: மகன் வழி, பையர் வழி, மென்பொருள் வழி, விருது வழி, நட்டத்தின் வழி. வேலை செய்பவரே சொல்லி வருவது ஆறாம் வழி என்பாரும் உளர். அது செய்யுளுள் மிகுதி, வழக்கினுள் அரிது. டொயோட்டாவில் 1951 முதல் தொழிலாளர் யோசனைத் திட்டம் நடந்துவருகிறது என்று அவர்கள் சான்று காட்டுவர். நம் பக்கத்தில் யோசனைப் பெட்டி உண்டு, பூட்டும் உண்டு, சாவி ஹெச்.ஆரில் இருந்து போனவரிடம் இருக்கிறது.

மகன் வழி வருவது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். படிப்பு முடிந்து வந்தவர் முதல் வாரம் கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பார். இரண்டாம் வாரம் வெள்ளைப் பலகை வாங்குவார். மூன்றாம் வாரம் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் பிறக்கும். அப்பா எதையும் மறுக்க மாட்டார். “பையன் சொல்றான், செய்யுங்கப்பா” என்பார். சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு ஃபோர்மேனைத் தனியே கூப்பிட்டு, பழையபடி எத்தனை பீஸ் போயிற்று என்று கேட்பார். அந்த ஐந்து மணிக் கேள்விதான் கம்பெனியின் சட்டம் என்று ஃபோர்மேன் உணர்ந்த கணத்தில் மகன் வழி அடைபடும்.

பையர் வழி வருவதைத் திருப்பூரில் நன்கு காணலாம். சட்டை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் என்றால் தரையில் மஞ்சள் கோடு விழும், தீயணைப்பு சிலிண்டருக்கு முன்னால் இருந்த அட்டைப்பெட்டி நகரும், முதலுதவிப் பெட்டிக்குள் முதன்முறையாக மருந்து இருக்கும். இவை ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டும்வரை நிலைப்பவை. ஆனால் இவ்வகையில் ஒன்று மட்டும் பிழைத்தது: உடைந்த ஊசிப் பதிவேடு. தையல் மிஷினில் ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அத்தனையும் பொறுக்கிக் கொண்டுவந்து பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் புது ஊசி. குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக்கூடாது என்பது பையரின் கவலை. தையல்காரரின் கவலை வேறு: ஊசி இல்லையேல் பீஸ் இல்லை, பீஸ் இல்லையேல் ஷிஃப்ட் இல்லை. இருவர் கவலையும் ஒரே மேஜையில் வந்து முட்டிக்கொண்டதால், கம்ப்ளையன்ஸ் மேனேஜர் யாரும் உபதேசிக்காமலே அது நடக்கிறது. மாணாக்கர் இந்த இடத்தைக் குறித்துக்கொள்க. நூலின் மற்ற பகுதி இதற்கு உரைதான்.

மென்பொருள் வழி வருவது அளவிற் பெரியது, ஆரவாரமும் பெரியது. ஒரு சாரார் இதை வழி என்று கொள்ளாமல் இயற்கைச் சீற்றத்தோடு சேர்த்து எண்ணுவர். அமெரிக்க சாக்லேட் கம்பெனியான ஹெர்ஷி 1999-ல் பழைய கணினி முறைகளைக் கழற்றிவிட்டு எஸ்.ஏ.பி. முதலிய மூன்று மென்பொருள்களை ஒன்றாக இயக்கிற்று. நான்காண்டில் செய்வதாக இருந்ததை இரண்டரை ஆண்டில் முடிக்கப் பார்த்தார்கள். ஏப்ரலில் தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஜூலை என்பது அங்கே ஹாலோவீன் மிட்டாய்க்கு ஆர்டர் குவியும் காலம். தீபாவளிக்கு முந்தைய வாரம் கல்லாவை மாற்றிவைத்த பலகாரக் கடையை நினைத்துக்கொள்க. மிட்டாய் கிடங்கில் இருந்தது, கடைக்குத்தான் போகவில்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆர்டர் நிறைவேறாமல் நின்றது.

இதற்கு எதிர்நிலை ஜெர்மனியின் லிடில். கடையில் உள்ள சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அந்தச் சங்கிலிக் கடைகளின் பழக்கம். எஸ்.ஏ.பி.யின் வார்ப்பு விற்பனை விலையைக் கொண்டு நடப்பது. ‘நாங்கள் மாற மாட்டோம், மென்பொருள் மாறட்டும்’ என்பது லிடிலின் நிலை. மென்பொருளும் மாறிற்று, ஏழாண்டு மாறிக்கொண்டே இருந்தது. 2018-ல் ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பிறகு திட்டத்தையே கைவிட்டார்கள். ஹெர்ஷி மென்பொருளுக்காகத் தன் நாட்காட்டியை மறந்தது. லிடில் தன் பழக்கத்துக்காக மென்பொருளை வளைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். அவர் சொல்வதை எழுத்தில் வாங்குக.

விருது வழி வருவதை நகைப்பது எளிது, நான் நகைக்கப்போவதில்லை. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், தரத்துக்காக ஜப்பானில் வழங்கும் டெமிங் விருதைப் பெற்றது. இந்தியக் கம்பெனிகளில் அதுவே முதல். டி.வி.எஸ். மோட்டார் 2002-ல், ராணே பிரேக் லைனிங் 2003-ல் பெற்றன. ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடா டி.வி.எஸ். கம்பெனிகளுக்கு ஆண்டுக்கணக்கில் வந்து போய்க்கொண்டிருந்தார். கேடயத்துக்காகத் தொடங்கினாலும், அதன் தேர்வாளர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்லர். தளத்தில் இறங்கி, எதிரில் நிற்பவரிடமே கேள்வி கேட்பவர்கள். நடிப்பதற்குப் பல ஆண்டு ஆகும் என்றால் செய்துவிடுவதே மலிவு. இந்தக் கணக்கு சிலருக்குப் புரிந்தது.

நட்டத்தின் வழி வருவதுதான் ஐந்தனுள் தலையாயது. 1950-ல் டொயோட்டா கடனில் மூழ்கும் நிலையில் இருந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம். நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். கிடங்கு நிறையச் சரக்கு அடுக்கக் காசில்லாத வீட்டில்தான் ‘வேண்டும்போது வேண்டியதை மட்டும்’ என்ற கொள்கை வளர்ந்தது. காசுள்ள கம்பெனிகள் அதை விலை கொடுத்து வாங்கி, கிடங்கை அப்படியே வைத்துக்கொண்டு, கிடங்கின் சுவரில் அந்தக் கொள்கையை ஒட்டுகின்றன.

மாந்தரியல்

வந்த முறையை எதிர்கொள்ளும் மாந்தர் பலர். அவருள் இகழத்தக்கார், புகழத்தக்கார் என்ற பாகுபாடு செய்வது நிர்வாக நூலார் வழக்கு. ‘மாற்றத்துக்கு எதிரானவர்கள்’ என்று ஒரே கூடையில் அள்ளிப் போட்டுவிடுவர். அது பிழை. எதிர்ப்பவருக்குள்ளும் சாதியும் கிளையும் உண்டு.

‘பண்ணிரலாங்க சார்’ என்பவர் முதலாமவர். இவர் எதையும் மறுத்ததில்லை, எதையும் செய்ததுமில்லை. ‘இது நம்ம டிபார்ட்மென்டுல ஏற்கெனவே இருக்குங்க’ என்பவர் இரண்டாமவர்; ஃபைவ் எஸ் என்றாலும், கான்பான் என்றாலும், நாளை வரப்போகும் பெயரில்லாத ஒன்று என்றாலும் அவர் டிபார்ட்மென்டில் 2006 முதல் இருக்கிறது. மூன்றாமவர் உண்மையாகவே உற்சாகப்படுபவர். இவரைக் கம்பெனி ‘சாம்பியன்’ என்று அழைக்கும், டீ-ஷர்ட் கொடுக்கும், சம்பளம் அதேதான். நான்காமவர் புது முறையிலும் எழுதுவார், தம் பழைய நோட்டிலும் எழுதுவார். அவரை இரட்டைக் கணக்கர் என்க. அவர் பெருமை புறனடையில் கூறப்படும்.

ஐந்தாமவர்தான் இவ்வியலின் தலைவர்: மௌனி. கூட்டத்தில் வாய் திறவாதவர். அவர் கை மட்டும் பேசும். அவரை அறிய வேண்டுமானால் பாகிஸ்தானின் சியால்கோட் நகருக்குப் போக வேண்டும். உலகுக்குக் கால்பந்து தைத்துக் கொடுக்கும் ஊர் அது. பந்தின் ஐங்கோணத் துண்டுகளை ரெக்சின் ஷீட்டிலிருந்து அச்சு வைத்து வெட்டுவார்கள். பொருளியல் ஆய்வாளர் சிலர் புதிய அச்சு ஒன்றை வடிவமைத்தார்கள். ஒரே ஷீட்டில் கூடுதல் துண்டு விழும், கழிவு குறையும், அச்சின் விலையும் பெரிதில்லை. ஊரிலுள்ள கம்பெனிகளில் சிலவற்றைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அச்சை இலவசமாகவே கொடுத்தார்கள். பதினைந்து மாதம் பொறுத்துப் பார்த்தால், பயன்படுத்துகிறவர்கள் மிகச் சிலரே.

அஃதென்னை எனின், வெட்டுபவருக்குக் கூலி பீஸ் ரேட். கழிவு குறைந்தால் லாபம் முதலாளிக்கு. புது அச்சு பழகும்வரை கை மெதுவாகும். அந்த நஷ்டம் வெட்டுபவருக்கு. எனவே அவர் முதலாளியிடம் “இது சரிப்படாது” என்றார். முதலாளி அதை நம்பினார், ஏனெனில் அச்சைப் பற்றி அந்தக் கம்பெனியில் தெரிந்தவர் அவர் ஒருவரே. பிறகு ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். சில கம்பெனிகளில், முதலாளி முன்னிலையில் புது அச்சை இயக்கிக் காட்டும் ஒரு வெட்டுபவருக்கும், துண்டுகளில் படம் பதிக்கும் ஒரு பிரிண்டருக்கும் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் வெகுமதி என்றார்கள். அங்கே அச்சை எடுத்துக்கொண்ட கம்பெனிகள் கூடின. கம்பெனிக்கு அது பொருட்டே இல்லாத தொகை. 2017-ல் வெளியான இந்த ஆய்வை மொழிபெயர்த்து ஜி.எம். அறையில் மாட்டினால் பாதி கன்சல்டன்டுகளுக்கு வேலை இருக்காது. மாட்டச் சொல்லும் கன்சல்டன்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதற்கு நூற்பா:

செய்வோன் இழப்பைச் சொல்லாத் திட்டம்
செய்வோன் வாயால் சிறப்புறும், கையால்
நின்ற இடத்தில் நிற்கும் என்ப.

இதன் பொருள்: ஒரு திருத்தத்தால் அதைக் கையால் செய்பவர் எதை இழப்பார் என்று திட்டத்தில் எழுதாவிடில், அவர் அதை வாயாரப் புகழ்வார், கை பழையபடியே இயங்கும். ‘இழப்பு’ என்றது கூலியை மட்டுமோ எனின், அன்று. ஓவர்டைம் குறைவதும் இழப்பு. ‘இந்த மிஷினைப் பத்தி அவரைக் கேட்டாத்தான் தெரியும்’ என்ற பேர் போவதும் இழப்பு. இருபது வருஷம் காதால் கேட்டே பேரிங் போவதைச் சொன்னவரிடம் ஒரு சென்சாரைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னால், அவர் மாட்டுவார், சற்றே லூஸாக.

தையல் லைனில் இதை நாள்தோறும் பார்க்கலாம். இண்டஸ்ட்ரியல் இஞ்சினியரிங் டிபார்ட்மென்டிலிருந்து ஒரு பையன் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து பின்னால் நிற்பான். ஓவர்லாக்கில் இருக்கும் அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் துணியை எடுக்கும் கை ஒரு நொடி தாழும், ஓரத்தைச் சரிசெய்யும் விரல் இரண்டு முறை சரிசெய்யும். இன்று காட்டிய வேகம் நாளைய டார்கெட் என்று அவருக்குத் தெரியும். “என்னக்கா, இன்னைக்கு ஸ்லோவா?” என்று பக்கத்து மிஷின் கேட்டால், “வாட்ச் ஓடுதுல்ல கண்ணு” என்பதே விடை. பையன் 48 நொடி என்று குறித்துக்கொண்டு போவான். அந்த 48-ன் மேல் லைன் பேலன்சிங், அதன் மேல் டெலிவரி தேதி, அதன் மேல் மெர்ச்சண்டைசரின் தூக்கம். வாட்டர்டவுனில் வெளிநடப்பு செய்தார்கள். இங்கே உட்கார்ந்தபடியே செய்கிறார்கள்.

மெய்ப்பாட்டியல்

தொடக்கக் கூட்டத்தில் எண்வகை மெய்ப்பாடும் தோன்றும். ஜி.எம்.மிடம் பெருமிதம். கன்சல்டன்டிடம் உவகை. அக்கவுண்ட்ஸில் அச்சம். ஐ.டி. ஆளிடம் அழுகை, எல்லாம் அவர் தலையில்தான் விழும். மெயின்டனன்ஸில் வெகுளி, ஏனெனில் கூட்டத்துக்காக நிறுத்திய மிஷினை மறுபடி ஓட்டுவது அவர்கள். பிளானிங் அதிகாரியிடம் இளிவரல்: அவர் போன வருடம் சொன்னதுதான் இது. பயிற்சியாளராக வந்த இஞ்சினியரிங் மாணவனிடம் மருட்கை. கடைசி வரிசையில் நகை.

கடைசி வரிசையை நோக்கி அமராத கன்சல்டன்ட் தம் ஃபீஸில் பாதியைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர்.

இறப்பியல்

மாற்றத் திட்டங்களில் நூற்றுக்கு எழுபது தோற்கும் என்று ஒரு வாய்ப்பாடு எல்லா மேடையிலும் கேட்கிறது. ஹாமரும் சாம்பியும் 1993-ல், வேலைமுறைகளை அடியோடு திருத்தும் தங்கள் கொள்கையை விளக்கிய நூலில், 50 முதல் 70 விழுக்காடு நினைத்த பலனை எட்டுவதில்லை என்று எழுதினர். இது அறிவியல் கணக்கன்று என்றும் அங்கேயே சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் எழுபதை எடுத்துக்கொண்டு அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். ஆகையால் எத்தனை சாகின்றன என்ற ஆராய்ச்சியை விடுத்து, எவ்வாறு சாகின்றன என்று காண்போம்.

ஆள்பெயர்ந் திறத்தல் அவசரத் திறத்தல்
படிவம் பெருகிப் பாரத் திறத்தல்
தணிக்கை நாளில் உயிர்த்துப் பின்னர்
மறுநாள் இறத்தலொடு நான்கென மொழிப.

ஆள்பெயர்ந்து இறத்தலுக்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2008-ல் நிக்கோலஸ் ப்ளூம் முதலிய பொருளியலாளர்கள் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பக்கத்து நெசவாலைகளில் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். குடும்பங்கள் நடத்தும் ஆலைகள். உள்ளே நூல்கட்டுகள் பெயர்ச்சீட்டு இல்லாமல் குவிந்து கிடந்தன. குலுக்கலில் வந்த ஆலைகளுக்கு இலவசமாகக் கன்சல்டன்டுகளை அனுப்பி, சரக்கு அடுக்குதல், பழுதைப் பதிதல், மிஷின் பராமரிப்பு என 38 நடைமுறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடிற்று. ஏன் இதை முன்பே செய்யவில்லை என்று ஆராய்ந்தால், பல ஆலைகளில் தெரியாது என்பதே விடை; தெரிந்தவர்கள் தேவையில்லை என்று நினைத்தார்கள்.

நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். இந்த ஆய்வாளர்கள் 2017-ல் திரும்பிப் போனார்கள், அதனால் அவர்களுக்கு என் வணக்கம். ஏற்றுக்கொண்ட நடைமுறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தன. காரணம் கேட்டபோது முன்னால் வந்தவை இரண்டு: மேனேஜர் மாறிப் போனார், முதலாளிக்கு நேரம் இல்லை. ஆனாலும் சோதனை நடந்த ஆலைகள் மற்றவற்றைவிட முன்னாலேயே இருந்தன. அதோடு நடைமுறைகள் அதே குடும்பத்தின் வேறு ஆலைகளுக்கும் யாரும் அனுப்பாமலே போய்ச் சேர்ந்திருந்தன. பாதி இறப்பும் கொஞ்சம் இனப்பெருக்கமும் என்று கணக்கு முடிகிறது. இதைத் தோல்வி என்பாரும் வெற்றி என்பாரும் ஒரே அறிக்கையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

அவசரத்து இறத்தலுக்கு விளக்கம் வேண்டா. கன்டெய்னர் இரவு ஒன்பதுக்குத் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும், பேக்கிங் முடியவில்லை. ‘இன்னைக்கு மட்டும்’ என்று முதலாளி சொல்வார். ‘இன்னைக்கு மட்டும்’ என்பது ஆண்டில் முந்நூறு நாள் வரும்.

படிவம் பெருகி இறத்தல்: ஒரு பழுதைத் தடுக்க ஒரு படிவம், படிவம் நிரப்பப்பட்டதா என்று பார்க்க இன்னொன்று. ஒரு நிலையில் ஷிஃப்ட் தொடக்கத்திலேயே எட்டு மணிநேர அளவுகளையும் எழுதிவைத்துவிடுவார் ஆபரேட்டர். வெப்பநிலைக் கட்டத்தில் 182, 181, 182, 183 என்று அழகாக ஏறி இறங்கும். முழுக்க 182 என்றே எழுதுபவர் புதியவர்.

தணிக்கை நாளில் உயிர்த்தல் கம்பெனிக்கு மட்டும் உரியதன்று. உலக நல நிறுவனம் 2008-ல் அறுவை அரங்குக்கு 19 வரியில் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று வகுத்தது. புது டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-க்கு இறங்கிற்று. பின்னர் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். மருத்துவமனைகள் ஏறத்தாழ முழுமையாகப் பின்பற்றுவதாகவே கணக்குக் கொடுத்தன. 2014-ல் வந்த ஆய்வில் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதே 19 வரிதான். முதலிடத்தில் ஆட்கள் நின்று, கையிலிருப்பதை வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொன்னார்கள். இரண்டாமிடத்தில் டிக் நிரம்பிற்று. நம் கம்பெனிகளில் டிக் போடுவதற்கென்றே கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர் இருப்பார். அவர் விடுப்பில் போனால் அன்று தரம் இல்லை.

பிழைப்பியல்

இறவாமல் நிற்பவை சில. அவற்றுக்குத் தாய்க்கதை கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே நடத்திய கார் ஆலை அக்கம்பெனியின் தலைவலிகளுள் ஒன்று: வராதவர் பலர், வந்தவரிடம் சண்டை பல. 1982-ல் மூடினார்கள். டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 1984-ல் அதையே நம்மி என்ற பெயரில் திறந்தபோது, வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே தொழிலாளர்களை, அதே சங்கத்தை. குழுக்களாக ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். தலைக்கு மேல் ஒரு கயிறு கட்டினார்கள். பிழை கண்டவர் இழுக்கலாம்; டீம் லீடர் ஓடி வருவார்; தீராவிட்டால் லைன் நிற்கும். சில ஆண்டுகளில் அங்கே வந்த கார்கள் தரத்தில் ஜப்பான் ஆலைக்கு அருகே நின்றன.

கயிற்றின் மகிமை இது என்பர் ஒருசார் ஆசிரியர். அவர் கூற்று பொருந்தாது. ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையை லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வான் நைஸ் ஆலையில் கொண்டுவர முயன்றது, வேர்பிடிக்கவில்லை, 1992-ல் ஆலையே மூடிற்று. கயிறு எங்கும் விற்கும் பொருள். நம்மியில் கயிற்றோடு வேறொன்றும் கட்டியிருந்தது: சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், ஆட்களை வெளியே அனுப்புவது கடைசி வழியாகவே இருக்கும், அதற்கு முன் மேலே உள்ளவர்கள் சம்பளம் குறையும் என்ற உறுதி. 1980-களின் இறுதியில் விற்பனை சரிந்து ஆலை பாதித் திறனுக்குச் சற்று மேல்தான் ஓடியபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை; பயிற்சியிலும் வேலைமுறைத் திருத்தத்திலும் அமர்த்தினார்கள். நான்கு நொடி மிச்சப்படுத்தும் யோசனையைச் சொன்னால் தன் வேலையோ பக்கத்து ஆளின் வேலையோ போகாது என்று அன்று அந்த ஆலையில் ஒவ்வொருவருக்கும் தெரிந்துபோயிற்று. கயிற்றை இழுக்கும் கைக்குத் தைரியம் அங்கிருந்து வந்தது.

நம் கம்பெனிகளிலும் விளக்கு மாட்டுகிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பை அழுத்திய பெண்ணிடம் சூப்பர்வைசர் ஓடி வருவதில் குறைவில்லை. வந்து முதலில் என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த விளக்கு பிழைக்கும். “எங்க பிரச்சனை?” என்றால் ஒரு வகை. “யாரு அழுத்துனது?” என்றால் மறு வகை. பிந்தைய கம்பெனியில் ஆறு மாதத்தில் விளக்கு எப்போதும் பச்சையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தினர்கள் கைதட்டுவார்கள்.

புறனடை

மேற்கூறிய இயல்களுள் அடங்காதவற்றை இங்கே கொள்க. அவற்றுள் முதன்மையானது இரட்டைக் கணக்கராகிய ஸ்டோர் கீப்பரின் நீள நோட்டு.

மென்பொருள் வந்து மூன்று ஆண்டு ஆன கம்பெனியிலும் ஸ்டோரில் மேஜையின் இழுப்பறையைத் திறந்தால் இது கிடைக்கும். கோடு போட்ட அட்டை நோட்டு. கட்டங்கள் அவரே ஸ்கேலால் போட்டவை: தேதி, சாமான், எத்தனை, யாரிடம், யார் சொல்லி. இந்த ஐந்தாவது கட்டம் உலகில் எந்த மென்பொருளிலும் இல்லை. மென்பொருளில் ‘ஒப்புதல் அளித்தவர்’ உண்டு. ஒப்புதல் அளிப்பவர் இரவு பத்துக்குத் தூங்கப் போய்விடுவார். மிஷின் இரவு இரண்டு மணிக்கு நிற்கும். ஃபிட்டர் வந்து “அண்ணா, ஒரு 6205 பேரிங் குடுங்க, மேஸ்திரி சொன்னாரு” என்பார். இண்டென்ட் இல்லை. இண்டென்ட் இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பது புது முறை. கொடுக்காவிட்டால் காலைவரை மிஷின் ஓடாது என்பது பழைய முறை. அவர் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதுவார்.

காலையில் அதை மென்பொருளில் ஏற்ற வேண்டும். முந்தைய தேதி போட அது விடாது. இண்டென்ட் எண் இல்லாமல் நகராது. எண் கேட்காத வகை ஒன்றே ஒன்று உண்டு: ‘சாம்பிள்’. பையருக்குக் காட்ட எடுத்துப் போகும் சாமானுக்காக யாரோ உண்டாக்கிய வகை. ஆகவே பேரிங் சாம்பிளில் ஏறும். வி-பெல்ட்டும் ஆயில் சீலும் கான்டாக்டரும் அப்படியே. மாதக் கடைசியில் ஸ்டாக் மிகச் சரியாக டேலி ஆகும். ஆடிட்டர் பாராட்டுவார்.

ஆண்டு முடிவில் கன்சல்டன்ட் அந்தப் பதிவுகளை அலசுவார். இந்தக் கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு மிக அதிகமாக பேரிங் சாம்பிள் கொடுக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பார். கம்பெனி செய்வது பனியன். இருந்தாலும் வரைபடம் தெளிவாக இருக்கும், ஏறுமுகமாக இருக்கும். அடுத்த ஆண்டுத் திருத்தத் திட்டத்துக்குப் பெயர் வைத்தாயிற்று: சாம்பிள் குறைப்பு. தொடக்கக் கூட்டம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. ஸ்டோர் கீப்பரும் வர வேண்டும் என்று சர்க்குலர் வந்திருக்கிறது. அவர் வருவார், கடைசி வரிசையில்.